திறன்பேசித் திடலும் நூலக வாசலும்: கெடாத் தமிழ் இளையோரின் இயங்கலைப் பழக்கங்கள்

பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ள தமிழ் மாணவர் இயங்கலையில் என்ன செய்கின்றனர், அதனை அறிந்துகொண்டு நூலகம் அவர்களுக்காக எத்தகைய நிகழ்ச்சிகளைத் திட்டமிடலாம் என்பதே இவ்வுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதற்குரிய களம் கெடா மாநிலம்: சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய், லூனாஸ் முதலிய நகரங்களும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களும். இந்த ஐந்து ஆண்டு வயதினரை ஏன் தனியே பிரித்து நோக்கவேண்டும் என்று கேட்கலாம். விடை அவர்தம் பள்ளிப் பாதையிலேயே உள்ளது.

மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. ஏழு வயதிலிருந்து தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்டு கற்ற பிள்ளை, பதின்மூன்றாம் வயதில் மலாய்மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறது. சிலர் இடையில் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்து செல்கின்றனர். அங்கே தமிழ் ஒரு பாடமாக மட்டுமே உண்டு. அதுவும் பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால்தான் கல்விச் சட்டப்படி வகுப்பு அமையும். ஆசிரியர் கிடைத்து, கால அட்டவணையில் இடமும் கிடைத்த பள்ளிகளில் மாணவர் எஸ்.பி.எம். வரை தமிழைத் தொடர்கின்றனர். மற்றவருக்குப் பன்னிரண்டாம் வயதில் மூடிய தமிழ்ப் புத்தகம்தான் இறுதிப் புத்தகம்.

எழுத்தறிவு நீச்சலைப் போன்றது அன்று. நீந்தக் கற்றவன் பல ஆண்டு கழித்து ஆற்றில் விழுந்தாலும் நீந்துவான். பயன்படுத்தாத எழுத்தறிவோ விரைவு குன்றும். பன்னிரண்டு வயதில் ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் படித்த மாணவி, தமிழ் எழுத்தைப் பாராமலே ஐந்து ஆண்டுகளைக் கழித்தால் பதினேழு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலைக்கு வந்துவிடுவாள். அவளை நாம் தமிழ் அறியாதவள் என்று கூறமாட்டோம். அவளும் அவ்வாறு கருதமாட்டாள். ஆயினும் நூலகத்தின் தமிழ் அடுக்கு அவளுக்கு அயலதாகிவிடும். இளையோருக்கான நூலக நிகழ்ச்சி என்பது ஓய்வுநேரப் பொழுதுபோக்கன்று என்று நாம் கருதுவதற்குக் காரணம் இதுவே. அந்த ஐந்து ஆண்டுகளில்தான் ஒரு தமிழ் வாசகர் நிலைபெறுகிறார் அல்லது இழக்கப்படுகிறார்.

இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. தமிழ் நூல்களைப் படிப்பதை நிறுத்திய அதே ஐந்து ஆண்டுகளில் இம்மாணவர், தம் முன்னோர் எவரும் எழுதாத அளவு தமிழை எழுதுகின்றனர். புலனத்தில் எழுதுகின்றனர், படவரியின் கருத்துப் பெட்டியில் எழுதுகின்றனர், விளையாட்டுக்கு நடுவே எழுதுகின்றனர். அவர்தம் பாட்டி ஆண்டுக்கு இரண்டு கடிதம் பிறரைக் கொண்டு எழுதுவித்திருப்பார். பேர்த்தியோ ஒரு மாலையில் நூறு செய்தி எழுதிவிடுகிறாள். இந்த எழுத்தை அறியாமல் அவளுக்கு நிகழ்ச்சி வகுக்க முற்படுவது, நோயாளியைப் பாராமல் மருந்து எழுதுவதற்கு ஒப்பாகும்.

திடலிலிருந்து திரைக்கு

கெடாவின் தமிழர் வாழ்வு நெடுங்காலம் தோட்டத்தைச் சுற்றியே அமைந்திருந்தது. லயம், கோயில், பள்ளி, பால் கொட்டகை, கள்ளுக்கடை, திடல் ஆகியவை நடந்து செல்லும் தொலைவில் இருந்தன. மாலையில் இளைஞர் திடலில் பந்து விளையாடுவர். பெண்கள் தண்ணீர்க் குழாயடியிலும் கோயில் வாசலிலும் கூடுவர். ஒருவரையொருவர் காண்பதற்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டியதில்லை. வாசலுக்கு வந்தால் போதும். பால்மரம் செம்பனைக்கு இடம்விட்டது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சில குடியிருப்பு நிலமாயின. குடும்பங்கள் நகரத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் இடம்பெயர்ந்தன. 1996-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் பினாங்கின் தொழிற்சாலைகளும் தோட்டத்துப் பிள்ளைகளின் பெற்றோருக்கு வேலை தந்தன. அவ்வேலை பெரும்பாலும் முறைநேர வேலை. தொழிற்சாலைப் பேருந்து விடியுமுன் வரும். அல்லது அந்திக்கு வரும்.

இதன் விளைவைப் பிள்ளையின் பக்கமிருந்து நோக்கவேண்டும். பள்ளி முடிந்து வீடு திரும்பும் மாணவிக்கு எதிர்வீட்டார் வேற்று மொழியினர். தோழி இரண்டு தாமான் தள்ளி இருக்கிறாள். நடுவே நெடுஞ்சாலை. பேருந்து அரிது. தந்தை இரவு வேலை முடிந்து உறங்குகிறார். தாய் இன்னும் வரவில்லை. 'வெளியே போகாதே' என்பது வீட்டு விதி; ஆண்பிள்ளைக்கு அது சற்றுத் தளரும், பெண்பிள்ளைக்குத் தளராது. அவள் கையில் திறன்பேசி இருக்கிறது. அதில் அவள் பழைய தமிழ்ப்பள்ளி வகுப்புத் தோழிகள் அனைவரும் இருக்கின்றனர்.

அமெரிக்க ஆய்வாளர் டானா பாய்ட் பதின்ம வயதினரின் சமூக ஊடக வாழ்வைப் பல ஆண்டு நேரில் ஆராய்ந்து, 2014-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். இளையோர் கருவிக்கு அடிமைப்படவில்லை, ஒருவரையொருவர் நாடியே அங்குச் செல்கின்றனர் என்பது அவர் கண்ட முடிவு. கூடுவதற்கு வேறிடம் விட்டுவைக்கப்படாமையே அதற்குக் காரணம் என்றும் அவர் விளக்கினார். அமெரிக்கப் புறநகரைப் பற்றி எழுதப்பட்ட இக்கூற்று, சுங்கைப்பட்டாணித் தாமானுக்கு இத்துணைப் பொருந்துவது தற்செயலன்று. இரண்டிடத்தும் நடந்து கூடும் வெளி மறைந்துபோயிற்று. தோட்டத்துத் திடல் திறன்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது. 'திறன்பேசி அடிமைகள்' என்னும் தொடரை மேடைகளில் எளிதாக வீசுவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

2020 மார்ச்சு 18-ஆம் நாள் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இப்போக்கை விரைவுபடுத்தியது. அவ்வாண்டே கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளமும் தொடங்கப்பெற்றது. அதுவரை திறன்பேசியைக் கையில் கொடுக்கத் தயங்கிய பெற்றோரே பாடத்திற்காக வாங்கிக் கொடுக்க நேர்ந்தது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 88.7 விழுக்காட்டினர் இணையப் பயனர். எஞ்சியோரை மறந்துவிடலாகாது. தோட்டத்தின் உட்பகுதியில் அலைவரிசை நலிவதும், மாத இறுதியில் முன்கட்டண டேட்டா தீர்ந்துபோவதும் இன்றும் பல வீடுகளில் உண்மை. நூலகத்தின் இலவச இணைப்பு ஏன் இளையோரை ஈர்க்கிறது என்பதற்கு நுட்பமான விளக்கம் எதுவும் தேவையில்லை.

எந்த எழுத்தில் எழுதுகின்றனர்?

மொழியியலார்க்குரிய பகுதிக்கு வருவோம். இம்மாணவர் எழுதும் தமிழ் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் அமைந்தது. இதனைக் கண்டு தமிழாசிரியர் மனம் வருந்துவதை நாம் அறிவோம். வருத்தத்திற்கு முன் விளக்கம் வேண்டும். மலேசிய மாணவர் மலாயை உரோமன் எழுத்திலேயே கற்கின்றனர், ஆங்கிலமும் அவ்வெழுத்தே. கைப்பேசியின் தட்டச்சுப் பலகை திறந்தவுடன் காட்டுவதும் அதுவே. மூன்று மொழியும் கலந்து பேசும் ஒருவர், ஒரே வாக்கியத்திற்குள் பலகையை மாற்றி மாற்றித் தட்டுவது இயல்பன்று. ஆகவே உரோமன் எழுத்தைத் தேர்வது பெரும்பாலும் விரைவு பற்றியது. தமிழ்மீது வெறுப்புப் பற்றியதன்று.

வரலாறும் இதற்குச் சான்று கூறும். அச்சேறிய முதல் தமிழ் நூலே உரோமன் எழுத்தில் அமைந்ததுதான்: 1554-ஆம் ஆண்டில் லிசுபனில் அச்சான கார்த்தில்யா. தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல்தான் கொல்லத்தில் வெளிவந்தது. தமிழ் முசுலிம்கள் பல நூற்றாண்டு அரபு எழுத்தில் தமிழ் எழுதினர். அர்வி என வழங்கும் அவ்வெழுத்தில் இலக்கியமே உண்டு. மலாய்மொழி சாவியிலிருந்து உரோமனுக்கு மாறியதைக் கெடா மக்கள் கண்ணெதிரே கண்டனர். எழுத்து வேறு, மொழி வேறு. இருப்பினும், எழுத்து மாறினால் பழைய நூலடுக்கிற்கும் புதிய வாசகருக்கும் நடுவே சுவர் எழும். சாவி படிக்க இயலாத மலாய் இளைஞருக்குத் தம் முன்னோர் கையெழுத்துச் சுவடி எவ்வாறு மூடிக்கிடக்கிறதோ, அதே நிலை தமிழ் மாணவருக்கும் வரக்கூடும். கவலைக்குரிய இடம் அதுவே.

உரோமன் எழுத்தில் தமிழ் எழுதுங்கால் எவை இழக்கப்படுகின்றன? லகர, ளகர, ழகரங்கள் மூன்றும் பெரும்பாலும் 'எல்' என்னும் ஒரே எழுத்துக்குள் அடங்குகின்றன. ந, ன, ண மூன்றும் 'என்' ஆகிவிடுகின்றன. ரகர றகர வேறுபாடு மறைகிறது. குறில் நெடில் வேறுபாடு சிலரிடம் உண்டு, பலரிடம் இல்லை. ஆகவே மனம், மணம், மானம் மூன்றும் ஒரே வடிவில் வரும். பலம், பழம், பாலம் என்பனவும் அவ்வாறே. ஆயினும் மாணவர் தடுமாறுவதில்லை. 'இன்னிக்கு வீட்ல என்ன கறி' என்று ஒருத்தி கேட்டால், அடுப்புக்கரியைப் பற்றிக் கேட்கிறாள் என்று எவரும் கொள்வதில்லை. இடம் நோக்கிப் பொருள்கொள்ளும் இத்திறன் புதிதுமன்று. ஓலைச்சுவடியில் புள்ளி இடாமல் எழுதினர்; எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் இன்றுள்ளவாறு வேறுபடுத்தப்படவில்லை. அவ்வேறுபாட்டிற்கு இன்றைய வடிவு தந்தவர் பதினெட்டாம் நூற்றாண்டின் வீரமாமுனிவர். சுவடி படித்த புலவரும் இடம் நோக்கியே படித்தனர். நம் மாணவி அவர்களுக்குப் பேர்த்தி முறையாகிறாள் என்று நாம் விளையாட்டாகக் கூறுவதுண்டு.

இரண்டாவதாக, அவர்கள் எழுதுவது பேச்சுத் தமிழ். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் தம்முள் வேறுபட்டு, வேறு வேறு பணிகளுக்கு வழங்குவதை 1959-ஆம் ஆண்டில் சார்லசு பெர்குசன் இரட்டை வழக்கு என்று வரையறுத்தார். பள்ளி கற்பித்தது எழுத்து வழக்கை. பேச்சு வழக்கை எழுத எவரும் கற்பிக்கவில்லை. அதற்கு எழுத்துக்கூட்டு முறையும் இல்லை. ஆகவே மாணவர் தாமே ஒன்றை அமைத்துக்கொண்டனர். அதில் மலேசியத் தமிழின் குரல் அப்படியே ஒலிக்கிறது. வாக்கிய இறுதியில் 'லா' வருகிறது. உணவைக் கட்டி வாங்குவது 'தாப்பாவ்' ஆகிறது. சந்தை 'பாசார்' ஆகிறது. இது கலப்பு என்று கடிவோர் கடியலாம். ஆயினும் தோட்டத்துப் பெரியவர் நாள்தோறும் சொன்ன 'பிரட்டு' ஆங்கிலத்திலிருந்து வந்தது. 'கிராணி' மலாயில் வழங்கும் சொல். அவற்றை நாம் இன்று பாசத்தோடு நினைவுகூர்கிறோம்.

மூன்றாவதாகக் குரல் பதிவுகளைக் கூறவேண்டும். தட்டச்சுச் செய்யச் சோம்பும் மாணவர் பேசியே அனுப்புகின்றனர். நூலகத் திட்டத்தில் இதன் பயன் பெரிது, பின்னர்க் கூறுவோம்.

கேட்கும் முறை

இவ்வளவும் பொதுவான விளக்கம். குறிப்பிட்ட ஓர் ஊரின் நூலகம் தன் ஊர் இளையோரைத் தானே கேட்டறிதல் வேண்டும். இங்கேதான் பலர் வழி தவறுகின்றனர். 'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இணையத்தில் இருக்கிறீர்கள்?' என்று வகுப்பில் தாளைக் கொடுத்தால், ஆசிரியர் விரும்பும் விடையே வரும். நல்ல மாணவர் குறைத்து எழுதுவர். குறும்பர் கூட்டி எழுதுவர்.

மொழியியல் களப்பணியில் இச்சிக்கல் பழையது. நோக்கப்படாதபோது மக்கள் எவ்வாறு பேசுகின்றனர் என்பதை அறிய விரும்புகிறோம். ஆனால் நோக்காமல் அதனை அறிய இயலாது. வில்லியம் லபோவ் இதனை நோக்குவோன் முரண் என்றார். அவர் கண்ட வழிகளுள் ஒன்று, பேசுவோர் தம்மை மறந்து பேசும் பொருளைக் கேட்பது. 'இறந்துவிடுவோமோ என்று அஞ்சிய நேரம் உண்டா?' என்று அவர் கேட்டார். பேசுவோர் அந்நிகழ்ச்சிக்குள் மூழ்கி இயல்பான நடைக்குத் திரும்பினர். நம் மாணவரை அவ்வளவு அச்சுறுத்த வேண்டியதில்லை. 'நேற்று உங்களைச் சிரிக்க வைத்தது எது?', 'கடைசியாக யாருக்கு எதை அனுப்பி வைத்தீர்கள்?', 'எந்தக் குழுவிலிருந்து வெளியேறினீர்கள், ஏன்?' என்று கேட்டுப் பாருங்கள். அரைமணி நேரத்தில் ஒரு சிறு குழு, பத்துப் பக்க வினாநிரல் தராத செய்தியைத் தந்துவிடும்.

நேற்றைய நாளைப் படமாக வரையச் சொல்வதும் நல்ல வழி. எழுந்த நேரம், பள்ளி, டியூசன், வீட்டில் யார் இருந்தார், திறன்பேசி எப்போது கையில் வந்தது, அப்போது யாரோடு பேசினர் என்று ஒரு கோட்டின்மேல் குறித்தால் போதும். பெயர் எழுதவேண்டா. தனிச் செய்திகளைக் காட்டச் சொல்லவே கூடாது. அது நட்பின் உள்ளறை. பள்ளி ஆசிரியர் அவ்வேளை அறைக்கு வெளியே இருப்பது நன்று. ஆசிரியர்கள் இதற்காக வருந்தமாட்டார்கள் என நம்புகிறோம்.

இவ்வாறு கேட்டால் நூலகத்திற்கு உடனே பயன்படும் செய்திகள் கிட்டும். இளையோர் ஓய்வாக இருக்கும் நேரமும் நூலகம் திறந்திருக்கும் நேரமும் ஒன்றையொன்று சந்திக்கின்றனவா என்பது முதற்செய்தி. வாரநாளின் மாலையில் டியூசன் இருந்து, ஐந்து மணிக்கு நூலகம் கதவடைத்தால், உள்ளே எத்துணைச் சிறந்த நிகழ்ச்சி வைத்தும் பயனில்லை. பெண்பிள்ளைகளை யார் கொண்டுவந்து விடுவார், யார் அழைத்துச் செல்வார் என்பது இரண்டாம் செய்தி. திட்டமிடுவோர் இவ்விரண்டையும் விட்டுவிட்டுப் பதாகையின் நிறத்தைப் பற்றி ஒரு மணி நேரம் கலந்துரையாடும் கூட்டங்களில் நாமும் அமர்ந்திருக்கிறோம்.

நூலகம் செய்யத்தக்கன

மிசுகோ இதோவும் அவர்தம் குழுவினரும் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இளையோரின் இயங்கலைச் செயல்களை மூன்று நிலையாகப் பிரித்தது. அவற்றைத் தமிழில் கூடியிருத்தல், துழாவுதல், ஆழ்தல் எனலாம். நண்பரோடு வெறுமனே பேசிச் சிரித்திருப்பது முதல் நிலை. ஒன்றைத் தொட்டுப் பார்த்து, திருத்தி, மாற்றி விளையாடுவது இரண்டாம் நிலை. ஒரு காணொளியை வெட்டி ஒட்டுவது அதற்கு எடுத்துக்காட்டு. ஒரு பொருளில் முழுதும் மூழ்கி வல்லவராவது மூன்றாம் நிலை. சிகாகோ நகரின் மையப் பொது நூலகம் 2009-இல் இளையோருக்கெனத் திறந்த 'யூமீடியா' என்னும் பகுதி இவ்வாய்வுக் கருத்துகளின்மேல் அமைக்கப்பெற்றது. அங்கே இம்மூன்றிற்கும் இடமுண்டு. முதல் நிலையில் இருப்பவரை 'ஏன் சும்மா இருக்கிறாய்' என்று எவரும் விரட்டுவதில்லை.

நம் நூலக நிகழ்ச்சிகளோ பெரும்பாலும் மூன்றாம் நிலையிலிருந்தே தொடங்குகின்றன: பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, புதிர்ப் போட்டி. மாவட்டத்தில் எங்கே போட்டி வைத்தாலும் அதே ஆறு மாணவர் வந்து அதே கோப்பைகளைப் பெற்றுச் செல்வர். அவர்களுக்கு நம் வாழ்த்துகள். நாம் இழந்துகொண்டிருப்பது ஏனைய மாணவரை.

ஆகவே முதலில் கூடுமிடம் வேண்டும். பேசத் தடையில்லாத ஒரு மூலை, இணைய இணைப்பு, மின்னேற்றும் வசதி, வட்டமான மேசை, இவ்வளவே. கெடா மாநிலப் பொது நூலகக் கழகத்தின் கிளையிலோ, தேசிய நூலகம் அமைத்த கிராம நூலகத்திலோ, நாடி என வழங்கும் சமூக இணைய மையத்திலோ, கோயில் மண்டபத்தின் ஓர் அறையிலோ இதனை அமைக்கலாம். பெற்றோர் பெண்பிள்ளையைக் கடைத்தொகுதிக்கு அனுப்பத் தயங்குவர். நூலகத்திற்கு அனுப்பத் தயங்கார். நூலகத்தின் நற்பெயர் இங்கே பெரும் முதலீடு. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்குத் தொடங்குவதைத் தடுக்கப்போவதாக மலேசிய அரசு 2025-ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்தது. திரைக்குள் இருக்கும் திடலுக்கும் வேலி வருமாயின், நான்கு சுவருக்குள் ஓர் இடம் முன்னிலும் தேவைப்படும்.

வாசகர் இருக்குமிடத்திற்கு நூலகம் செல்லவேண்டும் என்பது நம்மவர் கண்ட வழிதான். சீர்காழியில் பிறந்த எசு. ஆர். அரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்ட அதே 1931-ஆம் ஆண்டில், மன்னார்குடிச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன. வண்டி நின்ற இடம் மக்கள் கூடும் இடம். இன்று அவ்விடம் புலனக் குழு. நூலகர் ஒருவர், மாணவர் இருவரை உடன் பொறுப்பாளராகக் கொண்டு ஒரு குழு நடத்தலாம். அறிவிப்புப் பலகையாக அதனைப் பயன்படுத்தினால் ஒரு வாரத்தில் அனைவரும் ஒலியடக்கி வைத்துவிடுவர். வாரம் ஒரு சிறுகதையை ஒருவர் குரலில் பதிந்து அனுப்பி, முடிவை மட்டும் நூலில் படிக்குமாறு விட்டுவைத்தல் போன்ற உத்திகள் பயன்தரும். மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய நூல்களை இலவசமாக இணையத்தில் தந்துவருகிறது. அவற்றின் இணைப்பையும் அவ்வப்போது அனுப்பலாம்.

துழாவும் நிலைக்கு நாம் பரிந்துரைக்கும் முதல் நிகழ்ச்சி தமிழ்த் தட்டச்சு. இதில் மலேசியருக்குத் தனிப் பெருமையும் உண்டு. முத்து நெடுமாறன் 1980-களில் உருவாக்கத் தொடங்கிய முரசு மென்பொருளும், 2005-இல் வெளிவந்த செல்லினமும் கைப்பேசியில் தமிழ் எழுதும் வழியைத் திறந்தன. அஞ்சல் என்னும் விசைமுறையில் உரோமன் எழுத்தைத் தட்டினால் திரையில் தமிழ் எழுத்துத் தோன்றும். நம் மாணவர் நாள்தோறும் செய்வது இதன் முற்பாதியைத்தான். அவர்கள் ஏற்கெனவே தமிழ்த் தட்டச்சர். தம்மை அவ்வாறு அறியாதவர்.

இதில் மறைந்திருக்கும் பாடத்தைக் கவனிக்கவேண்டும். அஞ்சல் முறையில் சிறிய 'எல்' லகரம், பெரிய 'எல்' ளகரம், 'இசட்' ழகரம். 'வாழைப்பழம்' என்று எழுத விரும்புவோர், எந்த விசையைத் தட்டுவது என்று ஒரு நொடி நின்று எண்ணவேண்டும். மலேசியத் தமிழ்ப் பேச்சில் பலரிடம் ழகரம் ளகரமாகவே ஒலிக்கிறது, செவி உதவாது. பக்கத்திலிருப்பவரைக் கேட்பர்; அவருக்கும் ஐயம் எழும்; அகராதியைப் புரட்டுவர். வகுப்பில் ஆசிரியர் நூறுமுறை சொல்லியும் பதியாத எழுத்து வேறுபாடு, தம் தோழிக்குச் செய்தி அனுப்பும் தேவையால் பதிந்துவிடுகிறது. இரண்டு மணி நேரப் பட்டறை போதும். பட்டறை முடிவில் ஒவ்வொருவரும் தம் வீட்டார் ஒருவருக்குத் தமிழ் எழுத்தில் ஒரு செய்தி அனுப்பட்டும். தாயிடமிருந்து வரும் மறுமொழி எந்தச் சான்றிதழையும்விட மேலானது.

இரண்டாவது, பாட்டு. யோகி பி - நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' 2006-இல் வெளிவந்தது முதல் தமிழ்ச் சொல்லிசை மலேசிய இளைஞருக்குச் சொந்த நிலமாயிற்று. சொல்லிசை எழுதும் மாணவர் எதுகையையும் மோனையையும் தேடுகின்றனர்; அவற்றின் பெயர் மட்டும் அறியார். யாப்பு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரும் சொல்லிசை பாடும் இளைஞர் ஒருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் இருவரும் ஏதேனும் கற்றுக்கொள்வர்.

ஆழும் நிலைக்குக் கெடாவிலேயே வளமான பொருள் கிடக்கிறது. குரல் பதிவை விரும்பும் மாணவரிடம் திறன்பேசியைக் கொண்டே தோட்டத்து வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்யச் சொல்லலாம். சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டோரின் பிள்ளைகள், 1947-ஆம் ஆண்டளவில் கெடாத் தோட்டங்களில் கள்ளுக்கு எதிராக எழுந்த தொண்டர் படையைப் பற்றித் தந்தையர் வாயிலாகக் கேட்டவர்கள், சிவப்பு அடையாள அட்டையோடு வேலை இழந்து அலைந்த காலத்தை அறிந்தவர்கள், தோட்டத் துண்டாடலின்போது லயத்தைக் காலி செய்தவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். பெரிய வினாக்களைக் கேட்க வேண்டியதில்லை. 'மங்கு துடைத்தது எத்தனை வயதில்?', 'பிரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்?', 'ஆயாக் கொட்டகையில் யார் பார்த்துக்கொண்டார்?' என்று பேர்த்தி கேட்டால் பாட்டி தானே தொடர்வார்.

பதிவு செய்வதோடு நின்றுவிடலாகாது. கேட்டதை எழுத்தாக்கவேண்டும், இங்கேதான் தட்டச்சுப் பயிற்சி கைகொடுக்கும். பேச்சுத் தமிழை உள்ளவாறு எழுதுவதா, எழுத்து வழக்கிற்கு மாற்றுவதா என்று அவர்களே கலந்து முடிவுசெய்யட்டும். மொழியியல் மாணவர் பல்கலைக்கழகத்தில் எதிர்கொள்ளும் வினாவைப் படிவம் மூன்று மாணவர் நூலக மேசையில் எதிர்கொள்வர். தோட்டச் சொற்களைத் தனியே தொகுத்துத் தமிழ் விக்சனரியில் சேர்க்கலாம். 2003 முதல் வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியாவில் தம் ஊர் பற்றிய கட்டுரையை விரிவுபடுத்தலாம். மெர்போக் அருகிலுள்ள பூசாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்திற்கு ஒருநாள் சென்று, கடாரம் பற்றித் தாம் இணையத்தில் கண்ட கூற்றுகளுள் எவை சான்றுடையன, எவை முகநூல் பெருமிதம் என்று பிரித்தறியலாம். பொய்ச்செய்தியை இனங்காணும் பயிற்சிக்கு இதனினும் சுவையான பாடப்பொருள் நமக்குத் தெரியவில்லை. இராசேந்திரனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பற்றிப் பரவும் செய்திகளுக்குக் குறைவே இல்லை.

இதுவும் நம் மரபுக்குப் புறம்பானதன்று. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு நாளிதழ், 1950-களில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை நடத்தியது. தோட்டத்துப் பிள்ளைகள் அதில் எழுதினர். எழுதியவர் பின்னர் ஊர்தோறும் மணிமன்றமாகக் கூடினர். மன்றங்கள் நூலகம் வைத்தன. எழுதுவோராக அழைக்கப்பட்டபின் வாசகராயினர் என்னும் அவ்வரிசை நோக்கத்தக்கது. நாம் இன்று அதனைத் தலைகீழாக வைத்து, 'முதலில் நூறு நூல் படி, பிறகு எழுதலாம்' என்கிறோம்.

இயங்கலையின் தீமைகளை நாம் மறைக்கவில்லை. ஏமாற்று, இழிமொழி, படங்களைக் கொண்டு அச்சுறுத்தல் ஆகியன உண்மையாகவே நிகழ்கின்றன. அவற்றிற்கான விளக்க உரைகள் வேண்டியவையே. ஆயினும் உரையைவிட, அஞ்சாமல் சென்று சொல்லக்கூடிய ஒரு பெரியவர் அவ்விடத்தில் இருத்தல் இன்றியமையாதது. கூடுமிடத்தைப் பொறுப்பேற்கும் நூலகரோ தொண்டரோ அத்தகையவராக வேண்டும். 15999 என்னும் தாலியான் காசே உதவி எண் அங்கே சுவரில் இருக்கட்டும்.

செயற்படுத்துவோருக்கு இரண்டொரு குறிப்புகள் எஞ்சியுள்ளன. எத்தனை நூல் இரவல் போயிற்று என்பதை மட்டும் கணக்கிடவேண்டா. இரண்டாம் முறை வந்தவர் எத்தனை பேர், தமிழ் எழுத்தில் எத்தனை பக்கம் எழுதப்பட்டது என்று இரண்டு கட்டங்கள் பதிவேட்டில் இருந்தால் போதும். முதல் மாதம் ஐவர் வரக்கூடும். ஐவரும் மறுவாரம் வந்தால் நிகழ்ச்சி நன்றாக நடக்கிறது.

தொடங்கும் ஆண்டில் எல்லா வயதினரையும் அழைக்கவேண்டா. படிவம் ஒன்று மாணவரை மட்டும் அழைக்கலாம். தமிழ்ப்பள்ளியை விட்டு வந்த அவ்வாண்டில்தான் அவர்தம் தமிழ் வாசிப்பு உச்சத்தில் இருக்கும். பழைய வகுப்புத் தோழரைப் பிரிந்த ஏக்கமும் அப்போதுதான் மிகுதி. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்கள், ஆறாம் ஆண்டு மாணவருக்கு விடைகொடுக்கும் நாளில், நற்சான்றிதழோடு நூலக உறுப்பினர் படிவத்தையும், கூடும் நாளையும் நேரத்தையும் குறித்த ஒரு சீட்டையும் அவர்கள் கையில் கொடுத்தனுப்பலாம்.